சி ஷார்ப்பின் நல்லபிள் வசதி: ஒரு மண்டி பில்லில் போட்டுப் பார்த்தது

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியின் பில்லிங் மென்பொருளை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதியது, கணக்கெல்லாம் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில். போன மாசியில் ஒரு சாயங்காலம், லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “அம்மணி, பில்லு போட்டா அப்படியே நின்னு போகுதுங்க.”

பழைய பாக்கியை எடுக்கும் வரியில்தான் கோளாறு. தரவுத்தளத்தில் இருந்து ஒரு மதிப்பை எடுத்துத் தரும் கட்டளை எக்ஸிக்யூட்ஸ்கேலர். அது கொண்டுவரும் தொகையை அதே வரியில் டூஸ்ட்ரிங் போட்டு எழுத்தாக்கியிருந்தேன். வியாபாரியின் எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போனதால் அந்த எண்ணுக்குப் பதிவே இல்லை, வந்தது நல், அதாவது ‘எதுவும் இல்லை’ என்ற குறி. நல்லின் மேல் டூஸ்ட்ரிங்கைக் கூப்பிட்டால் நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன் என்ற பிழைதான் வரும்.

லாரி நிற்கிறதே என்று அதை கன்வெர்ட் டூஸ்ட்ரிங் என்ற இன்னொரு கட்டளையாக மாற்றிக் கொடுத்தேன். எக்ஸிக்யூட்ஸ்கேலர் தரும் நல்லை அது வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத உரையாக ஆக்கிவிடும், பில் ஓடியது. அடுத்த வாரம் இன்னொரு வியாபாரிக்கும் எண் தப்பாக விழுந்தது. பழைய பாக்கிக் கட்டம் காலியாக அச்சாகி, 18,400 ரூபாயைக் கேட்காமலே சரக்கை அனுப்பிவிட்டார்கள். முதல் பிழை பில்லை நிறுத்தியது. என் திருத்தமோ தப்பான பில்லை வெளியே அனுப்பியது. இரண்டில் இதுதான் மோசம் என்பேன்.

அதற்கப்புறம்தான் நல்லபிள் ரெஃபரன்ஸ் வசதியைப் போட்டேன். எது நல் ஆக வரலாம் என்று, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே முன்கூட்டி எச்சரிக்கும் வசதி இது. 2019இல் சி ஷார்ப் 8 உடன் வந்தது. சி ஷார்ப் ஓடும் தளமான டாட் நெட்டின் 6ஆம் பதிப்பு முதல் புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்டில் தானாகவே இருக்கும், பழையதில் நாம்தான் போட வேண்டும். பாக்கி வரியில் பழைய டூஸ்ட்ரிங்கையே திரும்ப வைத்து, டாட் நெட் 8க்கு மாற்றிப் போட்டதும் அதன் கீழ் சிஎஸ்8602 என்ற எச்சரிக்கை: இது நல் ஆக இருக்கலாம். ஓடவிடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன், பதிவு இல்லை என்றால் பாக்கி இல்லை என்று அர்த்தமா, ஆளே இல்லை என்று அர்த்தமா? ஆள் இல்லை என்றால் பில்லை நிறுத்திக் காரணம் சொல்லும்படி மாற்றினேன். இந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு இந்த வசதி பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. பதிவு இருந்து பாக்கி கட்டம் மட்டும் காலியாக இருந்தால் வருவது நல் அல்ல, டிபிநல் என்ற தனிப் பொருள். அதற்கு டூஸ்ட்ரிங் போட்டால் சத்தமில்லாமல் வெற்றுச் சரம் வரும், கம்பைலர் வாயே திறக்காது. அதை நானே தனியாகப் பார்த்து 0 என்று எழுதினேன். கேள்விக்குறி போட்ட இன்ட்டும் (நல்லும் ஆகலாம் என்று அறிவித்த முழு எண்) இப்படித்தான், நல் ஆக இருந்தாலும் டூஸ்ட்ரிங் உடையாது, காலியாக வரும். அப்புறம், இது கம்பைல் நேரத்துச் சோதனை மட்டுமே. ஓடும்போது யாரும் தடுக்கமாட்டார்கள். எச்சரித்த இடத்தில் ஆச்சரியக்குறி ஒன்று போட்டால் எச்சரிக்கை அடங்கிவிடும். அவசரத்தில் கை அங்கேதான் போகும், போகவிடாதீர்கள்.

மொத்த ப்ராஜெக்டுக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். நான் போட்டபோது 340 எச்சரிக்கை வந்தது, எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. எடுத்துவிட்டு, பணம் சம்பந்தப்பட்ட கோப்புகளில் மட்டும் தலைப்பில் ஒரு வரி சேர்த்து ஆரம்பித்தேன். அந்தக் கோப்புகளுக்கு மட்டும் எச்சரிக்கையைப் பிழையாகவே எண்ணும்படி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் பக்கங்கள் இன்னும் பாக்கி.

போன வாரம் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “அம்மணி, இந்த நம்பர்ல வியாபாரி இல்லைன்னு வருதுங்க.” எண்ணைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். நடுவில் ஒரு 7 விட்டுப்போயிருந்தது.