முன்னாள் படைவீரர் தொண்டு அமைப்புகளுக்கு அரசுப் பணம்: பிரிட்டனின் மூன்று வழிகள்

பிரிட்டனில் போருக்குப் போய்த் திரும்பியவர்களைக் கவனிப்பதில் பெரும்பங்கு தொண்டு நிறுவனங்களுடையது. படைவீரர்களுக்கு மனநலச் சிகிச்சை தரும், 1919-இல் தொடங்கிய காம்பாட் ஸ்ட்ரெஸ், 1921-இல் வந்த ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்று நூறு வயது தாண்டிய அமைப்புகளே உண்டு. அரசு இவற்றுக்குப் பணம் தரும் வழிதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

முதலாவது அபராதப் பணம். வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பதற்கான லைபர் வட்டி விகிதத்தில் தில்லுமுல்லு செய்த வங்கிகள் கட்டிய அபராதத்தில் 3.5 கோடி பவுண்டைப் படைவீரர் நலனுக்கு ஒதுக்குவதாக 2012-இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். தொகை பின்னர் பல மடங்கு கூடியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொடுத்த பணமெல்லாம் சொன்ன வேலைக்கே செலவானதா என்று நிதியமைச்சகத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது 2017-இல் தணிக்கையில் தெரியவந்தது. அபராதம் நின்றால் வரவும் நின்றுவிடும். கட்டடம் கட்டவோ வண்டி வாங்கவோ இது உதவும். மாதச் சம்பளத்துக்கு ஆகாது.

அடுத்தது, படைவீரர் நலப் பணிகளுக்கு மானியம் தரும் ஆர்ம்ட் ஃபோர்சஸ் கவனன்ட் ஃபண்ட் என்ற அரசு நிதி. 2015 முதல் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு. 2018-இல் இதை நிர்வகிக்கும் பொறுப்பு பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து தனி அறக்கட்டளைக்குப் போனது. அமைச்சரின் அறிவிப்புக்காகக் காத்திராமல் சின்ன அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். ஆள்களும் ஏற்பாடும் தயாராக இருப்பதால் அவசரத்துக்கும் கை கொடுக்கிறது: 2021-இல் காபூல் வீழ்ந்தபின், ஆப்கானில் பணியாற்றியவர்களின் மனநலத்துக்காக அரசு தந்த 50 லட்சம் பவுண்டு இதன் வழியாகத்தான் போனது. குறை என்னவென்றால், பெரும்பாலும் திட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்குதான். திட்டம் முடிந்தால் மறுபடி விண்ணப்பம்.

மூன்றாவது வழியில் தேசியச் சுகாதாரச் சேவையே சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதை 2020 ஜனவரியில் பார்த்தோம். காம்பாட் ஸ்ட்ரெஸின் ஆண்டு வருமானம் சுமார் 1.6 கோடி பவுண்டிலிருந்து 1 கோடிக்குச் சரிந்தது. சுகாதாரச் சேவையின் நிதி குறைந்தது இதற்கு ஒரு காரணம். இங்கிலாந்து, வேல்ஸிலிருந்து புதியவர்களைச் சேர்ப்பதையே அந்த அமைப்பு நிறுத்த வேண்டியதாயிற்று. பல வருஷம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டு போன் செய்கிற ஒருவரிடம் 'இப்போது இடமில்லை' என்று சொன்னால், அவர் மறுபடி கூப்பிடுவாரா? மறு ஆண்டே இங்கிலாந்தில் ஆப் கரேஜ் என்ற பெயரில் முன்னாள் படைவீரர்களுக்கான சுகாதாரச் சேவையின் மனநலச் சிகிச்சைகள் ஒரே குடையின் கீழ் வந்தன. சில பகுதிகளில் தொண்டு அமைப்புகளும் அதில் கூட்டாளிகள்.

மனநலச் சிகிச்சைக்கு என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்கே, ஒரு நிபந்தனையோடு. ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். முடிக்கும்போது, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களை யார் ஏற்றுக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பழைய படைத் தோழர்களைத் தேடிச் சந்திப்பது, தனிமையில் இருப்பவர்களை வெளியே அழைத்து வருவது போன்ற வேலைக்கு அறக்கட்டளை மானியமே பொருத்தம். அங்கே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது லண்டனுக்குத் தெரியாது. அபராதப் பணம் இனி எப்போதாவது வந்தால் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டும் கொடுக்கட்டும், ரசீது கேட்டு.