24 மணி நேர அணிச் சாகசப் பந்தயம்: வழி அமைப்பில் நிறைவு, படகுத்துறையில் குறை

மலையேற்றம், மலைச் சைக்கிள், கயாக், கயிற்றில் இறங்குதல் ஆகிய நான்கையும் வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டுமே நம்பி 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அணிப் பந்தயம் ஒன்றில் அண்மையில் நாங்கள் நால்வர் கலந்துகொண்டோம். நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இத்தகைய பந்தயத்துக்குப் பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது வழி அமைத்தவரை. தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் வரைபடங்கள் கைக்கு வந்தன, கைப்பேசிகளையும் ஜி.பி.எஸ். கருவிகளையும் உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். 1:50,000 அளவில், 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் வரையப்பட்ட தெளிவான தாள்கள் அவை. ஏழாவது சோதனைப்புள்ளிக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒரு மலைமுகடு குறுக்கே கிடந்தது. நேராக ஏறி இறங்கினால் 4 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும். வண்டித்தடத்தில் சுற்றிப்போனால் ஏற்றமே இல்லாத 9 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் வகுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தால் முகட்டு வழிக்கு 78 நிமிடமும் சுற்று வழிக்கு 108 நிமிடமும் ஆகும். ஆனால் அந்தக் கணக்கு நல்ல பாதைக்கானது. முகட்டில் பாதையே இல்லை, வரைபடத்தில் காட்டைக் குறிக்கும் பச்சை நிறம் அடர்ந்திருந்தது. நாங்கள் முகட்டைத் தேர்ந்தெடுத்தோம். எங்களுடன் ஏழாவது புள்ளியை விட்டுக் கிளம்பிச் சுற்று வழியில் ஓடிய அணி, நாங்கள் எட்டாவது புள்ளியை எட்டியபோது நூறடி தொலைவில் வந்துகொண்டிருந்தது. எந்த வழி சிறந்தது என்பதை வரைபடம் காட்டிக்கொடுக்காமல் அணியே யோசித்து முடிவெடுக்கும்படி விட்டிருந்ததில்தான் வழி அமைத்தவரின் திறமை தெரிந்தது.

சோதனைப்புள்ளிகளைக் காட்டும் அடையாளக் கொடிகளும் குறிப்பில் சொன்ன இடத்திலேயே துல்லியமாக இருந்தன. இரவு இரண்டு மணிக்கு, 'ஓடை இரண்டாகப் பிரியும் இடம், கிழக்குக் கரை' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, வரைபடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் திசை பார்க்க, மற்றொருவர் காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். 640 என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி தெரிந்தது. கொடியை ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டியிருந்தால் களைத்துப்போன அணி அந்த இருட்டில் ஒரு மணி நேரத்தை இழந்திருக்கும். அதனால் இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

அணி பிரியக் கூடாது என்ற விதியையும் உண்மையாகவே நடைமுறைப்படுத்தினார்கள். 1989-இல் நியூசிலாந்தில் நடந்த முதல் ரெய்டு கோல்வாஸ் என்ற சாகசப் பந்தயத்தின் காலத்திலிருந்தே இந்த விளையாட்டின் உயிர்நாடி அந்த விதிதான். எங்கள் பந்தயத்தில் நால்வரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் குறிக்கப்படாத ஒரு திருப்பத்தில் ஊழியர் ஒருவர் நின்று தலை எண்ணினார். பதினைந்தாவது மணி நேரத்தில் எங்களில் ஒருவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அவருடைய பையை ஒருவர் வாங்கிக்கொண்டார். நான் என் இடுப்பிலிருந்து ஒரு மீள்கயிற்றை அவருடைய இடுப்புப் பட்டையில் மாட்டினேன். அடுத்த மூன்று மணி நேரம், கயிறு தொய்ந்தால் அவர் நன்றாக நடக்கிறார் என்றும், இறுகினால் நான் மெல்ல நடக்க வேண்டும் என்றும், திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. விதி தளர்ந்திருந்தால் நாங்களும் வேகமானவரை முன்னே அனுப்பியிருப்போம், அந்த மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

கயிற்றில் இறங்கும் பகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை. கயிற்றைப் பிணைக்க இரண்டு தனித்தனி நங்கூரங்களும் தனிப் பாதுகாப்புக் கயிறும் இருந்தன. வரிசையில் காத்திருந்த 25 நிமிடமும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. எங்கள் பொருள்பெட்டிகளும், ஒரு பிரிவை முடித்து அடுத்ததற்கு மாறும் இடங்களுக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

இவ்வளவு கவனமாக நடத்தியவர்கள் படகுத்துறையில் தவறியதுதான் வருத்தம் தருகிறது. சிறிய அளவு உயிர்காப்பு அங்கிகள் தீர்ந்துவிட்டதால், எங்கள் அணியிலேயே மெலிந்தவருக்குப் பெரிய அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். அங்கி அவருடைய காதுவரை ஏறியது. படகு கவிழ்ந்தால் அது அவரை மிதக்க வைக்காது, அதிலிருந்து அவர் நழுவிவிடுவார். நாங்கள் ஏற மறுத்தோம். வேறொரு அணி கரை திரும்பி அவர்களுடைய அங்கி கைக்கு வரும்வரை 35 நிமிடம் காத்திருந்தோம். கயிற்றுப் பகுதியில் தானாகவே கழிக்கப்பட்ட காத்திருப்பு நேரத்தை இங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, அதுவும் 20 நிமிடம் மட்டுமே கிடைத்தது. பாதுகாப்பை முன்னிட்டுப் படகேற மறுத்த அணிக்குத் தண்டனை போல அமைந்த இந்த முடிவு தவறானது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தோம்.

படகிலிருந்து இறங்கும் இடத்தில் கைகால் கழுவச் சுத்தமான தண்ணீரும் இல்லை. முள்ளும் பாறையும் கிழித்த கால்களோடு எல்லோரும் ஆற்று நீரில் மணிக்கணக்கில் இருந்திருந்தோம். 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் பந்தயத்தில் செகாமா ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் கண்டது, இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிந்த செய்தி. இரண்டு குடம் நல்ல நீரும் கிருமிநாசினியும் வைப்பது பெரிய செலவே இல்லை.

22 மணி 40 நிமிடத்தில் நால்வரும் ஒன்றாக முடித்தோம். அந்த வரைபடத்துக்காகவே மறுபடியும் போவோம். ஆனால் அடுத்த பதிவு திறந்தவுடன் நால்வரின் எடையையும் மார்பளவையும் எழுதி அனுப்பி, அதற்கேற்ற அங்கிகள் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்போம். பதில் வந்த பிறகே பணம் கட்டுவோம்.