ஃபெரட் மால்ட் பேஸ்ட்: நகம் வெட்ட அருமை, குடல் அடைப்புக்குச் சைபர்

ஃபெரட் (கீரி மாதிரி நீள உடம்புள்ள செல்லப் பிராணி) வளர்க்கிற எல்லார் வீட்டிலும் இந்த மால்ட் பேஸ்ட் ட்யூப் ஒன்று கிடக்கும். வயிற்றில் சேர்ந்த முடியை வழுக்கி வெளியேற்றும் என்று விற்கிறார்கள். பிராண்ட் எதுவானால் என்ன, நான் வாங்கிய மூன்றிலும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: மால்ட் சிரப்பும் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) எண்ணெயும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், அதற்கும் காரணம் இருக்கிறது.

டொராண்டோவில் இருக்கிறோம், எங்கள் ஃபெரட்டின் பெயர் முறுக்கு (அம்மாவுக்கு இன்னமும் அது கீரிப்பிள்ளைதான்). இந்தப் பிராணிக்குக் குடல் ரொம்பக் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, முன்னங்காலால் வாயை வாயைப் பிறாண்டியது. கடைக்காரர் "முடியாக இருக்கும், பேஸ்ட் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். ஒரு ராத்திரி வீணாகப் போனது.

காலையில் பார்த்தால் டிவி ரிமோட்டில் இரண்டு பட்டன்களைக் காணோம்.

ரப்பர், ஸ்பாஞ்ச், காதடைப்பான் எல்லாம் இதற்குத் தின்பண்டம் மாதிரி. எக்ஸ்ரேயில் ரப்பர் தெளிவாகத் தெரியவில்லை, அதற்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்த வாயுதான் தெரிந்தது, அன்றைக்கே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். குடலில் இறுகிப்போன ரப்பரை எந்தப் பேஸ்டும் தள்ளாது என்று டாக்டர் சொன்னபோது அந்த ட்யூப் என் கைப்பையில்தான் இருந்தது. தின்னாமல் கிடந்தாலோ, மலம் பென்சில் மாதிரி மெலிந்தோ கறுத்தோ போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நானும்தான் போயிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சிரப். ஃபெரட் சுத்த மாமிசப் பிராணி, மாவுச்சத்தும் சர்க்கரையும் அதற்கு ஒத்துவராது. கணையத்தில் கட்டி வந்து ரத்தச் சர்க்கரை இறங்குவது நடுவயதைத் தாண்டிய ஃபெரட்களுக்குச் சகஜமாக வரும் நோய், இனிப்பு உள்ளே போனால் அந்தக் கட்டி இன்சுலினைக் கொட்டிச் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும், வாராவாரம் இனிப்பை நக்க விடுவதை அட்டையில் ஆரோக்கியம் என்று போடுவது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, அந்த இரண்டு நட்சத்திரம்? நகம் வெட்ட. பட்டாணி அளவு எடுத்து அதன் தொப்பையில் தடவினால் மல்லாந்து கிடந்து நக்கிக்கொண்டே இருக்கும், நாலு காலையும் முடித்துவிடலாம். அதற்காக மட்டும் மாதம் ஒருமுறை ட்யூபைத் திறக்கிறேன். ரிமோட் இப்போது ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது, வால்யூம் பட்டன் மட்டும் இல்லை.