வேப்பிலையும் துருவும்: ரோட்டுக்கு வந்து மூன்று மழைக்காலம் கண்ட என் ஹெரால்டு

இந்த ஐப்பசியில் மழை பிடித்தால், என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ரோட்டுக்கு வந்த பிறகு பார்க்கப்போகும் நாலாவது மழைக்காலம். பழைய காரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாச்சு?". அடுத்து, "பார்ட்ஸ் கிடைக்குதா?". இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் பெயின்ட் பளபளப்பு அடங்கி மூணு வருஷம் கழித்து எந்த வேலை நின்றது, எந்த வேலை பெயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

வண்டி 1970 மாடல், நாலு கதவு மார்க் 3. 2018 தை மாசம் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து எடுத்தேன். பன்னிரண்டு வருஷமாக அங்கேயே நின்றிருந்தது. 45,000 ரூபாய் கொடுத்து, டோ வண்டியில் ஏற்றி குரோம்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தக் கார் பிறந்த ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்த பெருங்களத்தூர், இங்கிருந்து மூணாவது ஸ்டேஷன். பெரியப்பா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சின்ன வயசில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த கேட் வாசலில் நின்றிருக்கிறேன். வேறு எந்தப் பழைய காரும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆசை ஒருபக்கம் இருக்கட்டும், வீட்டில் வேலை செய்கிறவனுக்கு ஹெரால்டு உண்மையிலேயே ஏற்ற வண்டி. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கேலோட்டி வரைந்த உடம்பு, தனிச் சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது என்பதால் ஸ்பேனர் செட் இருந்தாலே பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே 948 சிசி இன்ஜினை முழுதாகப் பார்க்கலாம். வேலைக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற வண்டியில் நான் கை வைத்ததில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவர் பிடியால் பக்கவாட்டு சில்லை, அதாவது கதவுக்குக் கீழே நீளும் பெட்டி மாதிரியான தகட்டை, தட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் 'டங்' என்றது. நடுவில் வந்ததும் 'தொப்'. முனையைத் திருப்பி அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. ஓட்டை வழியாகத் துருத்தூள் கொட்டும் என்று பார்த்தால், கொட்டியது வேப்பிலை. மக்கி, டீத்தூள் மாதிரி கறுத்து, விரலில் ஒட்டியது. கடைசி மழை பெய்து மூணு வாரம் ஆகியிருந்தது. உள்ளே இன்னும் ஈரம்.

சாயங்காலம் பெரியப்பா வந்து அந்த இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "டேய், தண்ணி உள்ள வர்றதை உன்னால முழுசா தடுக்க முடியாது. வெளிய போற வழியை அடைச்சுடாத, அது போதும்," என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். புரிய 2023 டிசம்பர் வரை ஆனது.

பிரிப்பதற்கு நாலு மாசம். இன்ஜின் ஒழுங்காகச் சுற்றியது. சேசிஸின் நடு முதுகெலும்பும் திடமாக இருந்தது. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிக் கைகளில் மூன்றும், தரைத் தகட்டில் பாதியும், சில் இரண்டும், நாலு கதவின் அடியும் போயிருந்தன. தரையை வெட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கதவுத் திறப்புகளில் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்துவிடுங்கள். இல்லையென்றால் உடம்பு தொய்ந்து, கதவு பிறகு எந்த ஜென்மத்திலும் சரியாகச் சாத்தாது. மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலும் வைத்துக்கொண்டேன். நாலு முனையிலிருந்தும் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. ஐம்பது வயசு வண்டிக்கு அது நல்ல கணக்கு.

வெல்டிங் மட்டும் நான் செய்யவில்லை. கிரில் கேட் பற்றவைக்கிற ஆர்க் மெஷினால் 20 கேஜ் மெல்லிய தகட்டைத் தொட்டால் ஓட்டைதான் விழும். பம்மலிலிருந்து ஒரு டிங்கர் அண்ணன் கேஸ் செட்டோடு சனிக்கிழமைகளில் வருவார். நான் அட்டையில் அச்சு வெட்டி, தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்தி வைப்பேன். அவர் அங்கங்கே சின்னச் சின்னதாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இன்னொரு பக்கம் போவார். ஒரே மூச்சாக இழுத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும். "அவசரப்பட்டா தகடு அழுதுடும் சார்" என்பார்.

இனி துரு எடுத்த கதை.

கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேய்ப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். ஒரு மணி நேரத்தில் தகடு கறுப்பாகப் பளபளக்கும், மனசு நிறையும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். குழிகளுக்குள் இருக்கும் துருவை வயர் எடுப்பதில்லை, அதன் தலையை மெருகேற்றிவிடுகிறது. அதன் மேல் பிரைமர் அடித்த இடமெல்லாம் எனக்கு ஒரு வருஷத்தில் ஊசிமுனைக் கொப்புளமாகத் திரும்பி வந்தது.

சின்ன உருப்படிகளுக்கு மின்பகுப்புக்கு இணை வேறெதுவும் இல்லை என்பது என் முடிவு. மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் நீல டிரம் எல்லா வீட்டிலும் ஒன்று சும்மா இருக்கும். அதில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் சலவை சோடா. பழைய பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயர் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒயர் காயலான் கடையில் வாங்கிய இரும்புத் துண்டுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். எவர்சில்வரை பாசிட்டிவில் கட்டவே கூடாது, தண்ணீரில் விஷமான குரோமியம் கலந்துவிடும். வெளியே வரும் குமிழி ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், கை வைக்கும் முன் சார்ஜரை அணையுங்கள். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை இதில் போடவேண்டாம், உள்ளே ஹைட்ரஜன் ஏறி உடையும் தன்மை வந்துவிடும். ராத்திரி போட்ட கதவுக் கீலைக் காலையில் எடுத்து நைலான் பிரஷ்ஷால் துடைத்தேன். கறுப்புச் சேறு வழிந்துபோய், அடியில் கம்பெனி அச்சு தெரிந்தது. கூப்பிட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஆனால் சென்னையில் அதோடு காபி குடிக்கப் போகமுடியாது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிக்கும். இங்கே பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல்தான். காலையில் எடுத்த வெள்ளை இரும்பில் மத்தியானத்துக்குள் மஞ்சள் படலம் வந்துவிடும். கழுவி, வெயிலில் சூடாக்கி, கை பொறுக்காத சூட்டிலிருந்து இறங்கும்போதே பிரைமர் அடித்து முடிக்கவேண்டும். ஒருநாளில் எத்தனை உருப்படிக்கு பிரைமர் அடிக்கமுடியுமோ அத்தனையை மட்டும் டிரம்மில் போடுங்கள்.

டிரம்முக்குள் போகாத பெரிய தகடுகளுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி. மேல் துருவை பாஸ்பேட்டாக மாற்றிக் கறுப்பாக்கும். மெல்லிய துருவுக்கு நன்று. பொருக்குப் பொருக்காக இருப்பதன் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் பழையது அப்படியே இருக்கும்.

இப்போது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வருவதற்கு முந்தின நாள் வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரத்துக்கு அடியிலும் சாலிட் பிளாக் வைத்தேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அப்படியும் வண்டிக்குள் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் நின்றது. வடிந்த அன்றே சீட், கார்ப்பெட், தரையில் இருக்கும் ரப்பர் அடைப்புகள் எல்லாவற்றையும் எடுத்தோம். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் நல்ல தண்ணீரால் உள்ளே கழுவினேன். கியர்பாக்ஸ் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் பால் மாதிரி ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிரேக் டிரம்களைத் திறந்து காயவைத்தேன். டேபிள் ஃபேன் நாலு நாள் ஓடியது.

மூணு மாசத்தில் வண்டி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. பின்பக்கத் தரைக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் அடித்திருந்தேன். நகத்தால் கீறினாலும் பெயரவில்லை. டிரைவர் பக்கத் தரைக்கு ரெட் ஆக்சைடு. வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் காலகாலமாக அதைத்தானே அடிக்கிறோம் என்று நம்பினேன். கேட் வெயிலில் நிற்கிறது, மழை விட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரம் ரெட் ஆக்சைடை ஊடுருவி, கால் வைக்கும் இடம் முழுக்கக் கொப்புளம். அதைவிட மோசம், பணம் மிச்சம் பிடிக்க ஒரு மூலையில் நான் ஒட்டியிருந்த ஃபைபர் துண்டு. அது கையோடு கழன்று வந்தது. அதன் முதுகில் அந்தத் தகட்டின் துரு முழுசும் ஒட்டியிருந்தது. ஃபைபர் தண்ணீரைத் தடுத்திருந்தது, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல். அந்த மூலையை வெட்டி எடுத்து, டிங்கர் அண்ணனை மறுபடி வரவழைத்துப் புதுத் தகடு வைத்தேன்.

சில்லுக்கு உள்ளேயும் கதவுக்கு உள்ளேயும் நீளக் குழாய் வைத்து மெழுகு அடித்திருந்தேன். அங்கே ஒரு துளி துருகூட இல்லை. முதல் கத்திரி வெயிலில் அந்த மெழுகு உருகி வடிகால் ஓட்டைகள் வழியாகச் சொட்டியபோது பதறினேன். இப்போது அது நல்ல அறிகுறி என்று தெரிகிறது, மெழுகு கடைசி மடிப்பு வரை இறங்கியிருக்கிறது. பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்வார்கள். அதில் அமிலம் இருக்கும், ரப்பர் புஷ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். வேண்டாம்.

பிளாஸ்டிக் கவர் போட்டதும் என் தவறுதான். ஒரே மழைக்காலத்தில் கூரை ஓரமெல்லாம் பெயின்ட் கொப்பளித்தது. இப்போது மேலே தகரக் கொட்டகை, வண்டி மேல் பருத்தித் துணி. காற்று நடமாடுகிறது.

ஓட்டம் பற்றி. இதுவரை 6,200 கிலோமீட்டர். ஞாயிறு காலை ஈசிஆரில் கோவளம் வரை போய்வருவேன். வந்தவுடன் அடிப்பக்கம் நல்ல தண்ணீர், கடல் உப்பு ஒரு ராத்திரிகூட அங்கே தங்கக்கூடாது. எங்கள் தெருவிலேயே ஒரே திருப்பில் யூ டர்ன் போடும், ஆட்டோக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியனுக்கு கிரீஸ் அடிக்க எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள். அது கேட்பது இபி 90 கியர் ஆயில். கிரீஸ் இறுகி மரையை மூடி, உள்ளே தண்ணீர் தங்கி, கடைசியில் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அங்கேயும் அதே கதைதான், பாருங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பழைய ரப்பர் ஹோஸ்களும் உப்பிவிடும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். டேங்கை நிரப்பியே வைக்கிறேன், வாரம் ஒருமுறை கட்டாயம் எடுக்கிறேன்.

செலவு, மொத்தம் 3,80,000 ரூபாய். தகடும் வெல்டிங்கும் 70,000, பெயின்ட் 85,000, மீதி ரப்பர், டயர், குரோம், ஒயரிங், ஆர்சி. 2022 ஏப்ரலில் ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது, நான் மாட்டியது அந்த 5,000-இல். ஐம்பது வயசு தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று ஒன்று 2021-லிருந்து இருக்கிறது, பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டமுடியாது என்பதால் நான் போகவில்லை. இந்த வண்டி ஓடவேண்டும். பாகங்களுக்கு ஜிபி ரோடும் புதுப்பேட்டையும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள், கண்ணில் காட்டினால் பரணிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மழைக்கு முந்தைய வேலையை முடித்தேன். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றின் முனையை மழுக்கி வைத்திருக்கிறேன். கதவு நாலு, சில் இரண்டு, டிக்கி, எல்லாம் சேர்த்துப் பதினாறு வடிகால் ஓட்டை. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். பதினைந்து ஓட்டையில் கம்பி தடையில்லாமல் போனது. பின் இடது கதவில் மட்டும் தட்டியது. மெல்லத் திருகி இழுத்தேன். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வந்திருக்கவேண்டும், ஈரமான ஒரு வேப்பிலை.

"பதினாறு," என்றார் பெரியப்பா.