எச்.டி. டியூப் டிவி எடுக்கலாமா? எட்டு வருஷம் வைத்திருந்த அனுபவம்

போன மாதம் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். அவனுக்குத் தெரிந்தவர் வீட்டில் 32 அங்குல அகலத்திரை எச்.டி. டியூப் டிவி ஒன்று பல வருஷமாகத் துணி போர்த்திக் கிடக்கிறதாம். காசு வேண்டாம், வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்கிறாராம். "நீதான் எட்டு வருஷமா ஒண்ணு வச்சிருக்கியே, எடுக்கலாமா வேண்டாமா?" என்று கேட்டான். போனிலேயே ஆமாம், இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிக்சர் டியூப் விஷயத்தில் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்த ஒரு டியூப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதுதான் எல்லாமே. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்தும் வந்தேன். அதற்கு முன் என் டிவியைப் பற்றி.

என்னுடையது 30 அங்குல அகலத்திரை. எடை 65 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. எச்.டி. டியூப்களில் இது ஒன்றும் பெரிய எடை இல்லை. 2004-இல் வந்து, இன்றுவரை ஆர்வலர்கள் தேடித் திரியும் சோனி கேடி-34எக்ஸ்பிஆர்960 ஏறத்தாழ 90 கிலோ. அதே நிறுவனத்தின் 40 அங்குல டியூப் ஒன்று 135 கிலோவைத் தாண்டும். உள்ளே காற்றே இல்லாததால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்க முன்கண்ணாடி அவ்வளவு தடிமனாக இருக்க வேண்டியிருக்கிறது. பாரம் முழுக்க அங்கேதான். தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்தால் டிவி முன்னால் கவிழ்ந்துவிடும். என் வீட்டுக்கு வந்த நாளில் மூன்று பேர் தூக்கினோம். அதன் பிறகு அறையை மாற்றி அமைக்கும் எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. டிவி எங்கே இருக்கிறதோ அதை ஒட்டித்தான் மற்ற சாமான்கள்.

அகலத்திரை என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய 4:3 நிகழ்ச்சியை நீட்டாமல் போட்டால் 30 அங்குலத் திரையில் 24 அங்குலப் படம்தான் கிடைக்கும். பழைய தொடர்களையே அதிகம் பார்க்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனை பாடு எதற்கு? அசையும் படத்துக்கு. பந்தைத் துரத்திக்கொண்டு கேமரா வேகமாகத் திரும்பும்போது சாதாரண எல்.சி.டி.யில் புல்தரை பச்சைக் குழம்பாகிவிடும். கேமரா நின்றதும் மறுபடி புல்லாகும். என் டியூபில் கேமரா ஓடும்போதே புல் புல்லாகத் தெரிகிறது, ஆட்டக்காரர் முதுகில் இருக்கும் எண்ணைப் படிக்க முடிகிறது. எலக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டுப் போகிறது. அங்குள்ள பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு பளிச்சென ஒளிர்ந்து மிகச் சில மில்லி விநாடிக்குள் அணைந்துவிடுகிறது. அடுத்த முறை கற்றை வரும்வரை அந்த இடம் இருட்டு. தட்டைத் திரைகளோ ஒரு படத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லி விநாடி, அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. நம் கண் பந்தோடு நகர்கிறது, படம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாம் மங்கலாகப் பார்ப்பது அந்த இழுபறியைத்தான். ஓ.எல்.இ.டி.யும் படத்தைப் பிடித்து வைக்கும் வகைதான், அதனால் இந்த ஒரு விஷயத்தில் அதுவும் டியூபுக்குப் பின்னால்தான் நிற்கிறது. சினிமாவில் இந்த வித்தியாசம் குறைவு. விநாடிக்கு 24 படங்களையே திருப்பித் திருப்பிக் காட்டுவதால் டியூபிலும் லேசான இரட்டை விளிம்பு தெரியும். நேரடி விளையாட்டிலும் கேமிலும்தான் இதன் அருமை புரியும்.

இருட்டைப் பற்றி நிறையப் பேர் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள், அதனால் இதைக் கவனமாகச் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெழுகுவத்தி எரியும் காட்சியைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். சுடருக்குப் பின்னால் இருக்கும் சுவர் பழுப்பிலிருந்து கறுப்புக்கு எங்கும் வெட்டு இல்லாமல் இறங்கும். ஆனால் கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எழுத்துகள் வந்தால் அவற்றைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு மங்கல் ஒளி படரும். தடித்த கண்ணாடிக்குள் வெளிச்சம் சிதறுவதால் வருவது அது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் போகாது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு என்று வரும் காட்சியில் இன்றைய ஓ.எல்.இ.டி. தெளிவாக ஜெயிக்கிறது. பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு கறுப்பு நிறத்துக்காகவே டியூப் வாங்கு என்று சொல்லியிருப்பேன். இப்போது அதைச் சொல்ல மாட்டேன்.

அசையாத படத்தின் கூர்மையிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெயரில் 1080 இருந்தாலும் அது இன்டர்லேஸ் முறை. ஒரு தடவைக்கு 540 கோடுகள்தான் வரைகிறது, அடுத்த தடவை இடையில் உள்ள 540. மெல்லிய கிடைக்கோடுகள் லேசாகத் துடிப்பது இதனால்தான். பக்கவாட்டில் 1920 புள்ளிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் அளவுக்கு வீட்டு டியூப்களின் பாஸ்பர் பட்டைகள் நுணுக்கமானவை அல்ல. கம்ப்யூட்டரை இணைத்துச் சின்ன எழுத்தைப் படிக்க முயன்றால் கால் மணி நேரத்தில் கண் வலிக்கும். நாலா பக்க ஓரத்திலும் கொஞ்சம் படம் திரைக்கு வெளியே போய்விடும் என்பதால் மெனு மூலைகள் வெட்டுப்படும்.

ஒரு சின்ன சந்தோஷம். பழைய டியூப் டிவிகளில் 'ஙீ' என்று காதைக் குடையும் ஒரு மெல்லிய சத்தம் வருமே, என் அக்கா பையனுக்கு அது பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். கோடு வரையும் வேகமான 15.7 கிலோஹெர்ட்ஸின் சத்தம் அது. எச்.டி. டியூபில் அந்த வேகம் 31-க்கு மேல், 1080-க்கு 33.75. மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. அவன் என் டிவிக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு தடவையும் காதைப் பொத்தவில்லை.

வாங்கும் முன் மிக நன்றாக யோசிக்க வேண்டியது, எதை இதில் சொருகப் போகிறீர்கள் என்பதைத்தான். இவற்றில் பெரும்பாலானவை 1080 புரோகிரசிவை, அதாவது எல்லாக் கோடுகளும் ஒரே தடவையில் வரும் சிக்னலை, ஏற்காது. 720 கொடுத்தால் பலவும் உள்ளுக்குள் 1080 இன்டர்லேஸாக மாற்றிக்கொள்ளும். சில ஆரம்பகால டிவிகள் 720 சிக்னலை அறவே காட்டாது. பிளேஸ்டேஷன் 3 வந்த புதிதில் இந்த டிவிக்காரர்கள் பட்ட அவஸ்தை இதுதான்: 720-இல் மட்டும் ஓடும் கேம்கள் 1080 பக்கம் ஏறாமல் 480-க்கு இறங்கிவிட்டன. எச்.டி.எம்.ஐ. இல்லாமல் கம்போனென்ட் என்ற அனலாக் சாக்கெட் மட்டும் இருக்கும் டிவி என்றால் இன்னொரு தடை. 2010 முடிவுக்குப் பிறகு புதிதாக வந்த ப்ளூரே பிளேயர்கள் அனலாக் வழியே எச்.டி. கொடுப்பதை நிறுத்திவிட்டன, அதற்கு முந்தைய பிளேயரைத் தேட வேண்டும், இல்லை கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். என் டிவியில் எச்.டி.எம்.ஐ. ஒன்றே ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் நாலாவது வருஷமே இதை விட்டிருப்பேன்.

பழைய கேம் கன்சோலுக்காக டியூப் தேடுகிறவர்கள் தயவுசெய்து இங்கே நில்லுங்கள். எச்.டி. டியூப் உங்களுக்கு ஆகாது. 240 கோட்டுப் படத்தை இது நேராகத் திரைக்கு அனுப்பாது. டிஜிட்டலாக மாற்றி, இரட்டிப்பாக்கி, அப்புறம்தான் வரையும். பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் ஒரு தாமதம் விழும். கற்றை எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதை நம்பியே வேலை செய்யும் பழைய ஒளித் துப்பாக்கிகள் இதில் குறி தப்பும். அந்தக் கன்சோல்களுக்குச் சாதாரணப் பழைய டியூப்தான் சரி. 480 புரோகிரசிவ் கொடுக்கும் தலைமுறைக்கு, முதல் எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், வீ போன்றவற்றுக்கு, இதைவிட அழகான திரையை நான் பார்த்ததில்லை. என் வீட்டில் பாதி நேரம் அதற்குத்தான் ஓடுகிறது.

இனிமேல் தொல்லைகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கற்றைகளும் ஒரே இடத்தில் விழ வேண்டும். திரையின் நடுவில் விழும், மூலையில் விலகும். என் டிவியில் வலது மேல் மூலையில் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. மெக்கானிக்குகளுக்காக மறைத்து வைத்திருக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் போனேன். உள்ளே சுருக்கெழுத்துகளும் எண்களும் மட்டும்தான் இருக்கும். பழைய எண்களை எழுதி வைக்காமல் நான்கைந்தை மாற்றி, சேமித்தும் விட்டேன். மூலை சரியாகவில்லை, படத்தின் இரண்டு பக்கமும் உடுக்கை போல நடுவில் ஒடுங்கிவிட்டது. கட்டம் போட்ட படம் ஒன்றைத் திரையில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக ஏற்றி இறக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று இரவு ஆனது. ஒரு எண்ணைத் தொடும் முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் கசிந்த அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் பின்மூடியைத் திறந்து, கற்றையைத் திருப்பும் கம்பிச்சுருளான யோக் பக்கம் காந்தப் பட்டை வைக்க வேண்டும். உள்ளே ஏறத்தாழ 30,000 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் கொஞ்சம் தங்கியிருக்கும். வேலை தெரியாதவர்கள் கை வைக்கும் இடம் அல்ல அது.

ஐந்தாம் வருஷம் ஒரு மாலை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழும் சட்டென்று சுருங்கி, நடுவில் ஒரே ஒரு பளீர் கோடாக நின்றது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பாய்ந்து போய் நிறுத்தினேன். பழைய டிவி வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார்.

"கோடு வந்ததும் உடனே ஆஃப் பண்ணீங்களா தம்பி?"

"உடனே பண்ணிட்டேன் அண்ணே."

"அப்ப டியூப் தப்பிச்சுது. விட்டிருந்தா அந்த இடத்துல கோடு சுட்டிருக்கும்."

போர்டை வெளியே எடுத்து, படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யின் காலடியில் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு காலைச் சுற்றி முடி போல மெல்லிய வளையம், ஈயம் விரிந்து விலகியிருந்தது. டிரை சோல்டர். பல வருஷ வெப்பத்தில் விரிந்து சுருங்கி விட்டுப்போனது. உருக்கி மறுபடி வைத்தார், படம் வந்துவிட்டது. கிளம்பும்போது, "ஃப்ளைபேக் போயிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்" என்றார். டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அது. இந்த டிவிகளுக்கு அது இப்போது கிடைப்பது அரிது. சோனி தன் டிரினிட்ரான் டியூப்களையே 2008-இல் நிறுத்திவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒரு மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

மின்சாரம் 200 வாட் அளவுக்கு இழுக்கும், கோடையில் அறை சூடாகும். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதனால் வேண்டாம் என்று தோன்றும் நாளில் குப்பையில் போட முடியாது. மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது நண்பன் சொன்ன அந்த டிவி. யாரும் முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். குளிர்ந்த டியூபைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சுவிட்சைப் போட்டதும் 'டொம்' என்று டீகாஸ் சத்தம், திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் சத்தம், நன்றாகக் கேட்டது. நண்பன் முகம் மலர்ந்தது. படம் வர நேரமானது. வந்த படத்தில் வெள்ளைச் சட்டை நீலம் கலந்த பச்சையாக இருந்தது, முகங்களில் ரத்தமே இல்லை. சூடேறட்டும் என்று காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் கொஞ்சம் தேறியது. நாற்பது நிமிஷம் கழித்தும் வெள்ளை எழுத்துகளின் வலது பக்கம் சிவப்பு வால் நீண்டுகொண்டே இருந்தது. சிவப்புக்கான கற்றையை அனுப்பும் எலக்ட்ரான் துப்பாக்கி தேய்ந்துவிட்டது. பிரகாசமான காட்சி வரும்போதெல்லாம் படம் மொத்தமாக ஒரு விரல் அகலம் பெருத்துச் சுருங்கியது. பவர் சப்ளையும் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் கை விட்டுத் தடவிப் பார்த்தேன், எச்.டி.எம்.ஐ. இல்லை.

"வேண்டாம்டா" என்றேன்.

"தூக்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேனே" என்றான்.

"இதே டியூப் வெள்ளையை வெள்ளையா காட்டியிருந்தா நானே ஒரு பக்கம் பிடிச்சிருப்பேன்" என்றேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் அதை மின்கழிவுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். என்னுடையதும் அதே கம்பெனிதான். என் ரிமோட்டில் பாதி பட்டன் தேய்ந்துவிட்டது. ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், கொடுத்தார். அன்றிரவே பேட்டரி போட்டுப் பார்த்தேன். என் டிவியின் சர்வீஸ் மெனு அதில் திறக்கிறது.