ஃபெனாக்ஸாப்ராப்-பி-எத்தில் 9.3 ஈசி: மருந்துக்கு நல்ல மார்க், கடைக்கு இல்லை

பெங்களூரு அல்சூரில் குடியிருந்துகொண்டு கோலார் பக்கம் வெங்காயம் போடுகிற என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை விவசாயிகளுக்கு இது. தலைப்பில் இருப்பது புல் களைகளைக் கொல்லும் மருந்து, ‘ஈசி’ என்றால் தண்ணீரில் கலந்து தெளிக்கும் எண்ணெய்க் கரைசல். சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். லேபிளில் இருக்கும் அந்த ‘பி’ எதுக்குண்ணா என்று கேட்டால், “எல்லாம் ஒரே மருந்துதான் சார், கம்மி விலையில் வேற ஒண்ணு தரட்டுமா” என்கிறார்.

ஒரே மருந்து இல்லை. இந்த மூலக்கூறுக்கு ஆர், எஸ் என்று இரண்டு வடிவம், இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் மாதிரி ஒன்றின் கண்ணாடி பிம்பம் மற்றது. புல் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைச் செய்துகொள்ள ஒரு நொதி வைத்திருக்கிறதே, அதை முடக்குவது ஆர் வடிவம்தான், எஸ் வடிவத்தால் களைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் பாதிப் பாதி கலந்திருந்தால் அந்த உதவாத பாதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ‘பி’ போட்டிருந்தால் ஆர் மட்டும் என்று அர்த்தம்.

சரி, உதவாத பாதி மண்ணில் என்ன ஆகும்? எனக்கு இதுதான் சுவாரஸ்யம். இதற்குத் தூரத்துச் சொந்தமான மெகோப்ராப், டைக்ளோர்ப்ராப் என்ற களைக்கொல்லிகள் இரண்டையும் தின்று வாழும் ஸ்பிங்கோபியம் ஹெர்பிசிடோவோரன்ஸ் என்ற பாக்டீரியா இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி நொதி வைத்திருக்கிறது, ஆர்-க்கு ஆர்டிபிஏ, எஸ்-க்கு எஸ்டிபிஏ, ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டுமே இரும்பையும் ஆக்சிஜனையும் வைத்து நடுவில் இருக்கும் ஈதர் பிணைப்பை அறுத்து ஃபீனாலும் பைருவேட்டுமாகப் பிரித்துவிடும், பைருவேட் அதற்குச் சாப்பாடு. அதனால் ஒரே மருந்தின் இரண்டு பாதியும் மண்ணில் ஒரே வேகத்தில் கரைவதில்லை. சில மண்ணில் ஒரு வடிவம் இன்னொன்றாகவே மாறிவிடுவதும் உண்டு, அது தனிக் கூத்து. ஃபெனாக்ஸாப்ராப்பையும் இதே நொதிகள்தான் அறுக்கின்றன என்று நான் சொல்லவில்லை, இதில் முதலில் பெயரின் கடைசியில் வரும் ‘எத்தில்’ என்ற எஸ்டர் பகுதி கழன்று அமிலமாகும், அது மண்ணில் சீக்கிரமே நடந்துவிடும். ஆனால் களையைக் கொல்லாத ஒன்றைத் தெளித்து, அதை அழிக்கும் வேலையையும் மண்ணின் தலையில் எதற்குக் கட்ட வேண்டும்?

பலன் எப்படி என்றால், முதல் வாரம் ஒன்றுமே தெரியாது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். அப்புறம் இலை சிவந்து குருத்து அழுகும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். குதிரைவாலிப் புல், காக்காகால் புல் இரண்டும் காலி, வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோரைக்கும் அகலஇலைக் களைக்கும் இது வேலைக்கு ஆகாது, அதற்கு ஆள் வைத்துக் கொத்தினேன்.

துண்டுச்சீட்டு எழுத்து எறும்பு சைஸ், ஒரு மார்க் அதற்கே குறைக்கிறேன். மீனுக்கு விஷம், குட்டை ஓரம் வேண்டாம். பக்கத்து வயலில் கேழ்வரகு இருந்தால் காற்று அடிக்கும்போது தெளிக்காதீர்கள், அதுவும் புல் வகைதான்.