வில்லன் கூடப்பிறந்தவரா, வானமா?

டர்பனில், ஒரு கையில் பன்னி சௌ (குழம்பு நிரப்பிய ரொட்டி), மறு கையில் போனுடன் தம்பி என்னோடு சண்டை போடுவது கென்ஷின் இம்பாக்ட் பற்றித்தான். 2020இல் வந்த விளையாட்டு. அதன் நாயகர்கள் அண்ணன் தங்கையான இரட்டையர்; ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாம் ஆடுகிறோம், தேர்ந்தெடுக்காதவர் எதிரிகளான அபிஸ் படைக்குத் தலைமை ஏற்கிறார்.

அவரே கடைசி வில்லன் என்பது தம்பி கட்சி. என் கட்சி, வில்லன் இருப்பது மேலே, வானத்தில். இரட்டையரைப் பிரித்ததே, அந்த உலகை மேலிருந்து ஆளும் வானத்து ஆட்சியின் காவல் தெய்வம். கதையில் 500 ஆண்டுகளுக்கு முன் அந்த ஆட்சி காயென்ரியா நாட்டை அழித்ததைப் பார்த்த அந்தக் கூடப்பிறந்தவருக்குக் கோபம் வராதா?

கோபம் சரி, ஆனால் த்வாலின் என்ற டிராகனை மோண்ட்ஸ்டாட் நகரத்தின் மேல் ஏவியது அந்தப் படைதானே, ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் சூரனையே மயிலாக்கி ஏற்றுக்கொண்டவர் முருகன். காவடி எடுக்கும் வீட்டில் பிறந்தவன் இப்படிப் பேசலாமா? கேட்டால், “அண்ணே, கேமுக்குள்ள கோயிலைக் கொண்டுவராதே” என்கிறான்.